திண்ணைக்கு மரத்தூண்: மரம் பார்ப்பதிலிருந்து நிறுத்துவது வரை

மரத்தூண் வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தை நீட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். "ஏனுங்க ஆசாரி, இதே மாதிரி நாலு தூணு வேணுங்க, காரைக்குடி ஊட்டுல இருக்கறாப்புல." படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்: "தூண் எதையாச்சும் தாங்கப் போகுதுங்களா, இல்லை சும்மா நிக்கப் போகுதுங்களா?" இதற்குப் பதில் தெரியாமல் மரம் வாங்கக் கிளம்பக்கூடாது. மரத்தின் பருமன், அடியில் வைக்கிற கல், மேலே விடுகிற இடைவெளி எல்லாமே இந்தப் பதிலைப் பொறுத்து மாறும். பூவேலையும் கடைசலும் கடைசியில் வருகிற சங்கதி.

காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோயில் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆசாரத்துத் தூண் (உள்வாசலைச் சுற்றிய தாழ்வாரத்துத் தூண்) என்றால் அது தாங்குகிற தூண்தான். தொட்டிக்கட்டு வீட்டில், அதாவது நடுவில் திறந்த வாசல் விட்ட வீட்டில், அந்த வாசலைச் சுற்றி நிற்கிற தூணின் மேல் போதிகை என்கிற படுக்கைக் கட்டை, போதிகை மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் கைமரம், அதற்கும் மேல் ஓடு. இன்றைக்குக் கட்டுகிற வீட்டில் எல்லாச் சுமையையும் கான்கிரீட் வாங்கிக்கொள்கிறது. அதனால் மரத்தூணுக்கு இரண்டு வேலைதான் மிச்சம். ஒன்று, முன்னால் இறக்குகிற ஓட்டுத் தாழ்வாரத்தைத் தாங்குவது. இன்னொன்று, ஏற்கெனவே நிற்கிற கான்கிரீட் தூணையோ இரும்புக் குழாயையோ மூடி அழகு காட்டுவது. முதலாவது முழுமரத் தூண். இரண்டாவது உறைத்தூண், உள்ளே காலியாக இருக்கிற நீளப் பெட்டி. முழுமரத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. உறைத்தூணைப் பின்னால் பார்ப்போம்.

இருக்கிற செங்கல் தூணை இடித்துவிட்டு அங்கே மரத்தூண் வைக்கலாம் என்று யாராவது நினைத்தால், முதலில் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அது ஆசாரி முடிவு செய்கிற காரியம் இல்லை.

மரம்

தேக்குதான் நல்லது, அதில் வாதமில்லை. ஆனால் எந்தத் தேக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனைமலைக் காட்டில் வெட்டித் தீர்ந்த தேக்கை டாப்ஸ்லிப் பக்கம் மறுபடி வளர்த்தெடுத்தவர் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி. 1933-ல் இறந்தவர், அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி நிதானமாக வளர்ந்த மரத்தை அறுத்தால் வெளியே கொஞ்சம் வெள்ளைக்கட்டை, உள்ளே முழுக்க வைரம் பாய்ந்த கட்டை. நம் தோட்டத்து வரப்பில் சொட்டுநீர் விட்டு வளர்த்த பதினைந்து, இருபது வருஷத் தேக்கை அறுத்தால் வெள்ளைதான் முக்கால்வாசி. வெள்ளையில் உளுப்பூச்சி விழும், கரையான் ஏறும். பெயர் தேக்கு என்பதால் அது தாங்கிவிடாது. தோட்டத்துத் தேக்கைத்தான் போடுவேன் என்றால், வெள்ளையைச் சீவிய பிறகு வைரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அறுப்பு மில்லிலேயே நின்று பாருங்கள். அப்புறம், சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் தேக்கை வெட்டி வண்டியில் ஏற்றும் முன் வனத்துறை அலுவலகத்தில் என்ன சீட்டு வேண்டும் என்று கேட்டுக்கொள்வது உங்களுக்கு நல்லது.

வேம்பு நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த மரம். கதவு, நிலவு (கதவு நிலை), ஜன்னல் எல்லாம் வேம்பில் செய்த வீடுகள் கிராமத்தில் ஏராளம். தூணுக்கும் ஆகும். ஒரே தொல்லை, நார் முறுக்கிக்கொண்டு ஓடும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு சாண் தாண்டினால் பிய்க்கும். எண்பட்டைத் தூணுக்கு, அதாவது எட்டு முகத் தூணுக்கு, நார் நேராக ஓடுகிற வேம்பாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். பட்டை உரித்த கட்டையில் மேலோடும் கீற்று வெடிப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே முறுக்கு தெரிந்துவிடும். பலா இழைக்க இதமானது, மஞ்சள் நிறம் நாளாக நாளாகப் பழுத்து வரும். வாகை கனமான, உறுதியான மரம். மரச்செக்குக்குத் தேடுகிறவர்கள் முந்திக்கொள்வதால் நல்ல வாகைக் கட்டை நம் கைக்கு வருவது குறைவு.

பொள்ளாச்சிப் பக்கம் பழைய தென்னையில் தூண் செய்கிறார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும், வெளிர் நிறத்தில் கருநாரோடு. ஆனால் தென்னைக்கும் பனைக்கும் உறுதி வெளிவட்டத்தில்தான், நடுவில் வெறும் சோறு. அறுத்துச் சதுரமாக்கும்போது உறுதியான பகுதியைத்தான் சீவி எறிகிறோம். அதனால் வயதான மரத்தின் அடிப்பக்கத்தை உருட்டாகவே இழைத்து நிறுத்துவதானால் சரி. பட்டை போட்டுச் செதுக்க அது மரமே அல்ல. உளி வாயும் சீக்கிரம் மழுங்கும்.

மர வகைகள் பழக்கமில்லை என்றால் கோவையில் கௌலி பிரவுன் சாலை வன வளாகத்துக்குள் காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, 1902-லிருந்து. அறுத்து மெருகேற்றிய மரத்துண்டுகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அங்கே ஒருமுறை சுற்றி வந்தால், கடையில் சாயம் தடவிய மரத்தைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது.

காரைக்குடியில் இறக்கி விற்கிற பழைய தூணை வாங்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வாங்கலாம். அவ்வளவு காய்ந்த பர்மா தேக்கு புதிதாகக் கிடைக்காது. வாங்கும்போது பூவேலையைப் பார்க்காமல் தூணைச் சாய்த்து அடிமுகத்தைப் பாருங்கள். உளியால் குத்தினால் மாவாகக் கொட்டுகிறதா, குடுமி (துளையில் நுழைகிற முனை) முறிந்திருக்கிறதா, எத்தனை அங்குலம் அறுத்துத் தள்ள வேண்டியிருக்கும்? உங்கள் தாழ்வாரத்து உயரத்துக்கு அது குறைந்தால், குறைவதைக் கல்லில் ஏற்றிக்கொள்ளலாம். மரத்தில் ஒட்டுப் போடாதீர்கள்.

நடுக்கட்டையும் காய்ச்சலும்

தூண் வெடிப்பது மரம் மட்டம் என்பதால் அல்ல. மரத்தின் நடுக்குருத்து தூணுக்குள் சிக்கியிருப்பதால்தான் பெரும்பாலும் வெடிக்கிறது. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேக்கில் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை அது தோராயமாக நூற்றுக்கு 5-ம் இரண்டரையும். நடுக்குருத்தைச் சுற்றி வளையம் முழுசாக இருந்தால், வெளிவட்டம் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கிற கட்டை விடாது. வேறு வழியில்லாமல் வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒரு கோடு பிளந்துகொள்ளும்.

இதற்கு வழி, நடுக்குருத்து வராத கட்டையாக அறுத்து வாங்குவது. ஒரு மரத்தை நாலாகப் பிளந்தால் நாலு தூணிலும் நடு வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: முடிந்த தூண் 6 அங்குலம் என்றால் அறுப்பு 6½ அங்குலம் வேண்டும், இரண்டு சேர்ந்தால் 13, மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 18½ அங்குலம். அதாவது வெள்ளை போக வைரம் மட்டுமே கிட்டத்தட்ட 20 அங்குலக் குறுக்களவு, ஐந்தேகால் அடிச் சுற்றளவு. அந்த மரத்துக்கு விலையும் அப்படித்தான் இருக்கும்.

சின்ன மரம்தான் கிடைத்தது, நடு உள்ளேதான் வரும் என்றால், வெடிப்பு எங்கே வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துவிடலாம். சுவர்ப்பக்கம் திரும்பப் போகிற முகத்தில், நட்டநடுவே, தூணின் முழு நீளத்துக்கும் ரம்பத்தால் ஒரு கோடு, நடுக்குருத்தைத் தொடும் ஆழத்துக்கு. மரம் பச்சையாக இருக்கும்போதே இதைப் போட வேண்டும். காயக் காய அந்தக் கோடு மட்டும் விரியும், மற்ற மூன்று முகமும் தப்பிக்கும். காய்ந்தபின் அந்த இடைவெளியில் அதே மரத்தில் ஆப்புச் சட்டம் சீவி இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பசை, மறுபக்கம் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் போட்ட கோட்டுக்கே அர்த்தமில்லை.

மூன்றாவது வழி, 2 அங்குலப் பலகை மூன்றை ஒட்டி 6 அங்குலக் கட்டையாக்குவது. இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2 அங்குலப் பலகையைச் சூளையில் ஒழுங்காகக் காயவைக்க முடியும், 6 அங்குலக் கட்டையை முடியாது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டுகிற முகத்தை அன்றைக்கே இழைத்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தண்ணீர் தாங்கும் பசையைப் போட்டு, சாண் இடைவெளிக்கு ஒரு கிளாம்ப் இறுக்குங்கள். ஒட்டுக்கோடு தெரிகிற முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் யாருக்கும் தெரியாது.

முழுக்கட்டை காய ஓர் அங்குலப் பருமனுக்கு ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு. யாரும் அவ்வளவு காத்திருப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். முடிந்தவரை காயவிடுங்கள். அறுத்த அன்றே இரண்டு முனைக்கும் மெழுகோ பழைய பெயிண்ட்டோ கெட்டியாகப் பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், இடையிடையே ஓர் அங்குலக் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் வையுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் வீசி அடிக்கும்போது அடுக்குக்கு மேற்கே ஒரு படுதா கட்டுங்கள். வெயிலைவிட அந்தக் காற்றுதான் மரத்தைச் சடாரென்று இழுத்து வெடிக்க வைக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி இருந்தால் குத்திப் பாருங்கள். வெளித் திண்ணைக்கு ஈரம் நூற்றுக்கு 15-க்குக் கீழே, வீட்டுக்குள் என்றால் 12-க்குக் கீழே. மானி மேல்தோலைத்தான் பார்க்கும், உள்ளே தெரியாது. அதனால் நீளத்தில் ஓரடி கூடுதலாக வாங்கியிருந்தால் முனையிலிருந்து அரை அடி தள்ளி ஒரு வில்லை அறுத்து எடை போடுங்கள். அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே, எடை இனிக் குறையாது என்கிற வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவதுதான் ஈரம்.

அளவு

தாழ்வாரத்துத் தூண், கல் நீங்கலாக 7 அடியிலிருந்து 8 அடி. அடிப்பக்கம் 6 அங்குலம், தலை 5 அங்குலம். மேலே போகப் போகச் சற்று மெலிய வேண்டும். ஒரே பருமனாக விட்டால் தலை கனத்துத் தெரியும். அடி கீழே, நுனி மேலே என்பது பழைய முறை, மரம் நின்றபடியே தூணும் நிற்க வேண்டும் என்பார்கள். நானும் அதை மீறுவதில்லை, அறுத்த உடனே அடிமுனையில் சாக்கட்டியால் ஒரு குறி போட்டுவிடுவேன்.

6½ அங்குலச் சதுரத்தில் எட்டரை அடி நீளம் என்றால் ஏறக்குறைய இரண்டரை கன அடி. நாலு தூணுக்குப் பத்து கன அடி, போதிகைக்குத் தனி. முடிந்த தூண் தேக்கில் 30 கிலோவுக்குப் பக்கமாக வரும், இரண்டு பேர் தூக்கலாம்.

வடிவத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கீழே ஒன்றரை அடி சதுரம், நடுவில் எண்பட்டை, மேலே ஓரடி சதுரம். கோயில் தூணில் பார்க்கிற சதுரம், கட்டு, சதுரம் என்பதன் வீட்டு வடிவம் இது. ஆடு மாடு உரசுவதும், சைக்கிள் சாய்வதும், பிள்ளைகள் கட்டிப்பிடித்துச் சுற்றுவதும் கீழே நடப்பதால் அங்கே சதுரமாகக் கனமாக இருப்பது நல்லது. கீழ்ச் சதுரத்தின் நாலு மூலையையும் கால் அங்குலம் சீவிவிடுங்கள்.

எண்பட்டை போடுவது

இதைப் பெரிய வித்தையாக நினைத்துப் பயப்படுகிறார்கள். 6 அங்குல முகத்தில் இரண்டு ஓரத்திலிருந்தும் ஒன்றேமுக்கால் அங்குலம் தள்ளிக் கோடு போட்டால் நடுவில் இரண்டரை அங்குலம் மிஞ்சும். அந்த இரண்டு கோட்டுக்கும் வெளியே இருக்கிற மூலையைச் சீவினால் எட்டுப் பட்டையும் சமமாக வந்துவிடும். ஆனால் தூண் மேலே போகப் போக மெலிகிறதே, ஒவ்வொரு இடத்திலும் அளவு மாறுமே? அதற்கு 24 அங்குல ஸ்கேல் போதும். ஸ்கேலை முகத்தின் மேல் சாய்த்து வையுங்கள், அதன் ஒரு முனை ஒரு விளிம்பிலும் மறுமுனை எதிர் விளிம்பிலும் சரியாகப் படும்படி. இப்போது 7-லும் 17-லும் ஒரு புள்ளி. அகலம் ஐந்தோ ஆறோ எட்டோ, புள்ளி தானாகச் சரியான இடத்தில் விழும். அடியில் ஒருமுறை, தலையில் ஒருமுறை இப்படிப் புள்ளி வைத்து, இரண்டுக்கும் இடையில் நூல் அடித்துவிட்டால் முடிந்தது. நாலு முகத்திலும் இதையே செய்யுங்கள்.

சதுரம் முடிந்து பட்டை ஆரம்பிக்கிற இடத்தில் சுற்றிலும் மூலைமட்டம் வைத்துக் கோடு கீறி, கோட்டிலிருந்து பட்டைப் பக்கமாக ஒன்றரை அங்குலம் இன்னொரு கோடு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சதுர மூலை சரிந்து பட்டையில் இறங்கும். அந்தச் சரிவை இதழ் மாதிரி வளைத்து வெட்டினால் அதுவே ஒரு அலங்காரம், வேறு பூவே வேண்டாம். முதலில் ரம்பத்தால் இரண்டாவது கோட்டில் ஆழம் வைத்து, மூலையை வாய்ச்சியால் கொத்தித் தள்ளி, கோட்டுக்கு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) இருக்கும்போது நிறுத்தி இழைப்புளிக்கு மாறுங்கள். சரிவை மட்டும் அகல உளியால், கொட்டாப்புளி இல்லாமல் கை அழுத்தத்திலேயே சீவுங்கள். நார் இறங்குகிற போக்கில் சதுரத்திலிருந்து பட்டையை நோக்கி மட்டும் உளி போக வேண்டும். எதிரே தள்ளினால் இதழ் நுனி பெயர்ந்துவிடும்.

பதினாறு பட்டை வேண்டுமானால் ஒவ்வொரு பட்டையின் அகலத்தையும் நாலாக வகுத்து, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பங்கைச் சீவுங்கள். சரியாக வரும். அதற்கு மேல் உருட்டுவதானால் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். 8 அடி பிடிக்கிற கடைசல் எந்திரம் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். எட்டுப் பட்டையாக்கிக் கொண்டுபோனால் கடைசல்காரருக்குப் பாதி வேலை மிச்சம். அவ்வளவு நீளக் கட்டையை நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள், நடுவில் துள்ளும்.

எண்பட்டையே போதும் என்பதுதான் என் அபிப்பிராயம். நாலு வளையம், இரண்டு கலசம், நடுவில் ஒரு தாமரை என்று கடைசலில் ஏற்றிக்கொண்டே போனால் தூண் கட்டில் கால் ஆகிவிடும்.

போதிகை

தூண் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் படுக்கையாகக் கிடக்கிற கட்டை. நீளம் தூணின் அகலத்தைப் போல மூன்று மடங்கு, கனம் தூணின் தலையளவே. நார் உத்திரத்தின் போக்கில் படுக்கையாக ஓட வேண்டும். மிச்சமிருக்கிற துண்டை நிமிர்த்தி வெட்டி வைத்தால் முனை ஒருநாள் உடைந்து விழும். முனையில் வாழைப்பூ தொங்குகிற மாதிரிச் செதுக்குவது வழக்கம். செதுக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் வெறும் அலை வளைவு போதும், ஒரு பலகையில் வெட்டிய மாதிரியை வைத்து இரண்டு பக்கமும் வரைந்து வளைவு ரம்பத்தில் அறுத்துவிடலாம். மூலைத் தூணுக்கு மட்டும் இரண்டு கட்டையைக் குறுக்கே பாதிப்பாதி வெட்டிப் பிணைத்த நாற்கைப் போதிகை. தூண் தலையில் 2 அங்குலச் சதுரக் குடுமி, 2 அங்குல உயரம். போதிகையின் அடியில் அதே அளவுத் துளை, ஆழம் மட்டும் ஒரு நூல் கூடுதலாக. குடுமி நுனி துளையின் கூரையில் முட்டக்கூடாது, சுமை குடுமியைச் சுற்றியுள்ள தோளில்தான் இறங்க வேண்டும்.

அடிக்கல்

தூண் சாவது அடியில்தான், அதுவும் மழையால் அல்ல. நம் பக்கத்து மழைக்குத் தேக்கு அசராது. தினமும் காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீர், திண்ணை கழுவுகிற வாளி, ஈரத் துடைப்பம், இதுதான் காரணம். தினம் ஒரு தடவை அடி நனைந்து, நார் முனை உறிஞ்சி, காயும் முன் மறுநாள் வந்துவிடும். ஆகவே தூண் தரையில் நிற்கக்கூடாது, டைல்ஸ் மேலும் நிற்கக்கூடாது. கல்லின் மேல் நிற்க வேண்டும், கல் தரைக்கு மேல் முக்கால் அடியாவது தெரிய வேண்டும். கரையான் மண் ஏற்றினாலும் கல்லில் கோடு பளிச்சென்று தெரியும், தட்டிவிடலாம்.

திருமுருகன்பூண்டிச் சிற்பக் கூடங்களில் சொன்னால் சொன்ன அளவில் அடித்துத் தருவார்கள். கீழே ஓரடிச் சதுரம், மேலே வர வரக் குறுகி, உச்சியில் தூணின் அடியைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் உள்ளடங்கி இருக்கும்படி கேளுங்கள். உச்சி அகலமாக இருந்தால் அந்த விளிம்பில் விழுந்த தண்ணீர் தூணுக்கு அடியில்தான் போகும்.

இன்னொன்று முக்கியம். கல்லில் குழி, தூணில் குடுமி என்று செய்யாதீர்கள். குழியில் தண்ணீர் தேங்கிக் குடுமி அதில் ஊறிக்கொண்டே இருக்கும். கல்லில் 2 அங்குல உயரத்துக்குக் குடுமியை விட்டு அடிக்கச் சொல்லி, தூணின் அடியில் குழி எடுங்கள். இறங்குகிற தண்ணீர் தங்க இடம் இருக்காது. தூணின் அடிமுகத்தை நடுவில் ஒரு நூல் உள்வாங்கினாற்போல் சீவினால் விளிம்பு சுற்றிலும் கல்லோடு ஒட்டி உட்காரும். நிறுத்தும் முன் அந்த அடிமுகத்துக்கும் குழிக்கும் எண்ணெய் காட்டுங்கள், உறிஞ்சுவது நிற்கும்வரை. இதுதான் தூணின் ஆயுள், இதில் சோம்பல் வேண்டாம்.

மேலே ஓடு என்றால் கல் குடுமியே போதும். தகரக் கூரை என்றால் கதை வேறு. 6 அங்குலத் தேக்குக்குத் தாழ்வாரத்துச் சுமை ஒரு பொருட்டே இல்லை. ஆடிக் காற்று தகரத்தைத் தூக்கும்போது தூணும் சேர்ந்து எழும்புமே என்பதுதான் கவலை. அதற்கு 16 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியில் 6 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை மேலே வெல்டிங் வைத்து, கம்பியைக் கல் வழியாகக் கீழே கான்கிரீட்டில் இறக்கி ரசாயனப் பசையில் பிடிக்க விட வேண்டும். பட்டை, தூணின் அடியில் போட்ட வெட்டுக்குள் ஏறும். குறுக்கே இரண்டு போல்ட் முடுக்கி, போல்ட் தலையை உள்ளே அமுக்கி, தேக்கு வில்லையால் மூடிவிடுங்கள். இதற்கு வாங்குகிற கல்லில் குடுமி வேண்டாம், நேர்த் துளை போதும்.

நிறுத்துவது

உத்திரத்துக்கு இருபுறமும் முட்டு கொடுத்து, ஜாக்கியால் வேண்டிய உயரத்துக்கு இரண்டரை அங்குலம் அதிகமாக ஏற்றிக்கொள்ளுங்கள். போதிகையைத் தூண் தலையில் மாட்டி, தூணைக் கல் குடுமியில் இறக்கி, அடுத்தடுத்த இரண்டு முகத்தில் தூக்குக்குண்டு பாருங்கள். மெலிகிற தூண் என்பதால் முகத்தோடு நூல் ஒட்டாது. முகத்தின் நடுக்கோட்டை மேலும் கீழும் குறித்து வைத்திருந்தால், நூல் அந்தக் கோட்டில் விழுகிறதா என்று பார்க்கலாம். ரசமட்டத்தை முகத்தில் வைத்துப் பார்த்தால் தூண் கோணலாகத்தான் நிற்கும். நாலு தூணும் நின்றபின் முதல் தூணுக்கும் கடைசித் தூணுக்கும் நூல் கட்டி நடுவில் இருப்பவற்றைத் தட்டிச் சரிசெய்து, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒட்டுக்கா எல்லாவற்றையும் இறக்க வேண்டும், ஒன்றை முழுசாக இறக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக்கூடாது.

உறைத்தூண்

இரும்புக் குழாயை மூடுவது சுலபம். 3 அங்குலக் குழாய்க்கு வெளியே மூன்றரை இருக்கும். ஓர் அங்குலப் பலகையில் 6 அங்குலப் பெட்டி செய்தால் உள்ளே 4 அங்குலம், கச்சிதம். கான்கிரீட் தூண் பூச்சோடு 10 அங்குலம் வந்துவிடுவதால் மூடிய பிறகு ஓரடியைத் தாண்டும். சின்னத் திண்ணையில் அது அடைத்துக்கொண்டு நிற்கும், யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பக்கத்தைப் பட்டறையிலேயே ஒட்டி, நாலாவது பலகையை இடத்தில் வந்து திருகாணியில் பிடியுங்கள். பின்னால் திறக்க வசதி வேண்டும். மூலையை 45 டிகிரியில் சாய்த்துச் சேர்த்தால் கோடு தெரியாது. பலகையை நேராகக் கான்கிரீட்டில் அறையாமல், சுற்றிலும் ரீப்பர் கட்டை பிடித்து அதில் பிடியுங்கள். பலகையின் உள்முகத்துக்கும் ஒரு கை எண்ணெய் வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் வாங்கி வளையும். கீழே கல் மேடையிலிருந்து ஒரு நூல் தூக்கி, மேலே கால் அங்குலம் விட்டு, அந்த இடைவெளியை ஒரு சட்டத்தால் மறையுங்கள். சட்டத்தைப் பெட்டியில் மட்டும் பிடிக்க வேண்டும், கூரையில் அல்ல. கான்கிரீட் புதிது என்றால் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டி.

எண்ணெய்

உப்புத்தாள் 80, 120, 180 என்று நார் போக்கிலேயே. தேக்குத் தூசு சிலருக்குத் தோல் அரிக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நிற்கிற தூணுக்கு என்ன பாலிஷ் வேண்டுமானாலும் போடலாம். மேற்கு வெயில் அடிக்கிற திண்ணைக்கு வார்னிஷ் வேண்டாம், செதிலாக உரியும், உரித்துவிட்டுப் போடுவதற்கு எண்பட்டையில் உயிர் போகும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தேய்த்து, கால்மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் மறுபடி. மூன்று கை போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் அமுக்குங்கள். வெள்ளை விழுந்த மரம் என்றால், எண்ணெய்க்கு முன்னாலேயே போரிக் பவுடர் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு கரைத்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிடுங்கள். மழை நேராக அடிக்கிற இடத்தில் அது கரைந்து போகும் என்பதால் மேலே எண்ணெய் கட்டாயம்.

நிறுத்திய முதல் பங்குனி, சித்திரையில் மெல்லிசாகக் கீற்று விழும். வீட்டுக்காரர்கள் பதறிப்போய்ப் போன் செய்வார்கள். நகம் நுழையாத கீற்று என்றால் அப்படியே விடுங்கள், ஐப்பசி மழையில் ஈரம் வாங்கித் தானே மூடிக்கொள்ளும். வெயில் காலத்தில் அதில் மக்கு வைத்து அடைத்தால், மழைக்கு மரம் உப்பும்போது மக்கு இடம் கொடுக்காமல் பக்கத்தில் இன்னொரு கீற்று விழும். இரண்டு கோடை பார்த்த பிறகும் திறந்தே நிற்கிற கீற்றுக்கு மட்டும் அதே மரத்தில் சீவிய சில்லை இறக்கி, ஒரு பக்கம் பசை வைத்து, முகத்தோடு இழைத்துவிடுங்கள்.